சிபியுவைத் தூக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காலையில் கடை திறந்து, சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு சிஸ்டத்தை ஆன் செய்கிறார்கள். கறுப்புத் திரையில் ஒரே ஓர் ஆங்கில வரி வந்து நிற்கிறது. இல்லாவிட்டால் கம்பெனி லோகோவோடு அப்படியே உறைந்துவிடுகிறது. "அண்ணாச்சி, சிஸ்டம் வரமாட்டேங்கு" என்று போன் போகிறது. மறுமுனையில் இருப்பவர் வந்து பார்க்காமலே, "விண்டோஸ் போயிருக்கும், ஃபார்மட் போட்டுரலாம்" என்கிறார். திருநெல்வேலி டவுன் ரத வீதியிலிருந்தோ கல்லிடைக்குறிச்சியிலிருந்தோ சிபியு பைக்கில் ஏறி பழுது பார்க்கும் கடைக்குப் போகிறது. அங்கே மேசையில் வைத்து ஆன் செய்தால் பளிச்சென்று வருகிறது! காரணம் சின்னது. சிபியுவைக் கழற்றும்போது அதில் செருகியிருந்த எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார்கள். திரும்பக் கொண்டுபோய் டிஸ்க்கைச் செருகினால் மறுநாள் காலை பழைய கதைதான்.

மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி கணக்கு ஏற்ற வேண்டியவர்களுக்கு ஒரு காலைப்பொழுது போவது சின்ன விஷயம் இல்லை. தேவையில்லாமல் ஃபார்மட் போட்டு சி டிரைவில் இருந்த கோப்புகளை இழப்பது அதைவிடக் கொடுமை. இந்தக் கோளாறில் பெரும்பகுதியை வீட்டிலேயே, கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்காகவே இந்தக் கடிதம்.

முதல் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தால் ஐந்தாறு நொடியில் சிஸ்டம் அணைந்துவிடும். சுவிட்ச் போர்டிலும் அணையுங்கள். கீபோர்டு, மவுஸ் தவிர யூஎஸ்பியில் உள்ள அத்தனையையும் உருவுங்கள். எக்ஸ்டெர்னல் டிஸ்க், பென் டிரைவ், கார்டு ரீடர், பிரிண்டர் எல்லாமே. பிரிண்டர் எதற்கு என்றால், மெமரி கார்டு செருகும் துளை உள்ள பிரிண்டர்களைச் சில சிஸ்டங்கள் ஒரு டிரைவாகவே எண்ணிக்கொள்ளும். அரை நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள். லோகோவில் நிற்கும் சிஸ்டத்தை இப்படி அணைப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் திரையில் சதவிகிதக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் கை வைக்காதீர்கள். அது வேறு விவகாரம், கீழே சொல்கிறோம்.

இப்போது விண்டோஸ் வந்துவிட்டால் அதன் மேல் பழி இல்லை என்று ஆகிவிட்டது. டெஸ்க்டாப் முழுதாக வந்த பிறகு டிஸ்க்கைச் செருகுங்கள். உடனே திறந்து, கோப்புகள் வழக்கம்போல் தெரிந்தால் டிஸ்க்கும் பெரும்பாலும் நல்லதுதான். தவறு பூட் வரிசையில் இருக்கிறது. செருகியதும் சிஸ்டம் திணறினால், டிஸ்க் தெரியாமலே போனால், "டக்... டக்..." என்று சத்தம் வந்தால் கரண்ட் போதவில்லை, அல்லது டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது.

பூட் வரிசை என்பது, ஆன் ஆனதும் எந்த டிஸ்க்கில் விண்டோஸைத் தேட வேண்டும் என்று மதர்போர்டில் பதிந்திருக்கும் பட்டியல். அதில் யூஎஸ்பி முதலில் இருந்தால், பயாஸ் (ஆன் ஆனதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்) உங்கள் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் 'இது பூட் ஆகும் டிஸ்க்' என்பதற்கான முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். கல்யாண வீடியோ மட்டும் உள்ள டிஸ்க்கில் அந்த முத்திரை ஏன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். எம்பிஆர் என்ற பழைய முறையில் பார்ட்டிஷன் போட்ட (துண்டு பிரித்த) டிஸ்க் எதுவானாலும் அந்த முத்திரை இருக்கும். விண்டோஸ் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயாஸ் அதை நம்பி முழுப் பொறுப்பையும் டிஸ்க்கிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. டிஸ்க்கிலோ ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை. "மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்றோ "பூட் எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்" என்றோ எழுதிவிட்டு நிற்கிறது. சில நேரம் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் நல்ல டிஸ்க்கை யாரும் கேட்கவே இல்லை.

இது பழைய பயாஸ் முறையில் ஓடும் சிஸ்டங்களில்தான் அதிகம். பயாஸுக்கு அடுத்து வந்த யூஇஎஃப்ஐ முறையில் ஓடும் புதிய லேப்டாப்கள், பூட் கோப்பு இல்லாத டிஸ்க்கைத் தாண்டி அடுத்ததுக்குப் போய்விடும். ஆனால் எப்போதோ ஒரு நாள் லினக்ஸையோ ரெக்கவரி மென்பொருளையோ ஏற்றி வைத்த டிஸ்க்காக இருந்தால், அங்கும் விண்டோஸுக்குப் பதில் அதுதான் திறந்துகொண்டு வரும்.

வரிசையைச் சரிசெய்ய, ஆன் செய்த உடனே அதற்குரிய பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல் என்றால் எஃப் 2. எச்பி லேப்டாப்பில் எஃப் 10. லெனோவோவில் மாடலைப் பொறுத்து எஃப் 1 அல்லது எஃப் 2. ஏசரில் எஃப் 2. அசெம்பிள் செய்த சிஸ்டங்களில் ஜிகாபைட், அசூஸ், எம்எஸ்ஐ போர்டு எதுவானாலும் டெலீட் பட்டன். வரிசையை மாற்றாமல் அந்த ஒரு தடவை மட்டும் உள்டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் டெல், லெனோவோ, ஜிகாபைட்டுக்கு எஃப் 12; எச்பிக்கு எஃப் 9; எம்எஸ்ஐக்கு எஃப் 11; அசூஸ் போர்டுக்கு எஃப் 8. அந்தப் பட்டியலில் உள்டிஸ்க்கைத் தேர்ந்ததும் விண்டோஸ் வந்துவிட்டால் நோய் எது என்று உறுதி.

இங்கே கற்றவர்களே கோட்டைவிடும் ஓர் இடம் உண்டு. பூட் பக்கத்தில் 'ஃபர்ஸ்ட் பூட் டிவைஸ்: ஹார்டு டிஸ்க்' என்று சரியாகவே இருக்கும். "சரியாத்தானே இருக்கு" என்று வெளியே வந்துவிடுவார்கள். ஆனால் பல பழைய போர்டுகளுக்கு யூஎஸ்பி டிஸ்க்கும் ஒரு ஹார்டு டிஸ்க்தான். அதே பக்கத்தில் சற்றுக் கீழே 'ஹார்டு டிஸ்க் பூட் பிரையாரிட்டி' என்றோ 'ஹார்டு டிரைவ் பிபிஎஸ் பிரையாரிட்டிஸ்' என்றோ இன்னொரு பட்டியல் ஒளிந்திருக்கும். அதைத் திறந்தால் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கின் பெயர் முதலிலும் உள்டிஸ்க்கின் பெயர் இரண்டாவதாகவும் உட்கார்ந்திருக்கும். இந்தப் பட்டியலைப் பார்ப்பதற்கு டிஸ்க்கைச் செருகிய நிலையில்தான் பயாஸுக்குள் போக வேண்டும். கழற்றிவிட்டுப் போனால் அந்தப் பெயரே தெரியாது. பிளஸ், மைனஸ் பட்டனால் உள்டிஸ்க்கை மேலே ஏற்றி, எஃப் 10 அழுத்திச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் பூட்டோடு வருகிறது. பயாஸில் வரிசையை மாற்றினால் அடுத்த தடவை நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கக்கூடும். அது தெரியாவிட்டால் உள்ளே போக வழியே இல்லை. எந்தக் கடைக்காரராலும் முடியாது. லேப்டாப்பில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டிருக்கிறீர்களோ அதில் நுழைந்து, அந்த எண்ணை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பயாஸைத் தொடுங்கள். மகனுடைய பழைய மெயில் ஐடியில் கணக்கு ஆரம்பித்திருந்தால் அவரை இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

"போன வாரம்தான் சரிசெய்தோம், மறுபடி வந்துவிட்டது" என்றால் சிமாஸ் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். நம் பக்கத்தில் இது ரொம்பச் சகஜம். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும்; சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட். சுவிட்ச் போர்டில் கரண்ட் இருக்கும்வரை, சிபியு அணைந்திருந்தாலும், சிபியுவுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து வரும் 5 வோல்ட் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். பேட்டரிக்கு வேலை இல்லை. ஆனால் இரவு கடையடைக்கும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை கரண்ட் நிறுத்தும் நாளும் உண்டு. அந்த நேரங்களில் பயாஸின் நினைவு அந்த நாணயத்தை நம்பித்தான் இருக்கிறது. அது தீர்ந்திருந்தால் காலையில் எல்லாம் கம்பெனி அமைப்புக்குத் திரும்பிவிடும். பல போர்டுகளில் கம்பெனி அமைப்பு என்றால் யூஎஸ்பி முதலில்.

அடையாளம் சுலபம். தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். பிரவுசர் "உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது" என்று சொல்லி வங்கித் தளத்தையும் ஜிஎஸ்டி தளத்தையும் திறக்க மறுக்கும். நெட் கோளாறு என்று நினைத்து இணைய இணைப்புக்காரரைத் திட்டுவோம். பாவம், அவர் மேல் தப்பில்லை.

பேட்டரி இரண்டு மூன்று டீ விலைதான். மாற்றும் முன் பயாஸில் 'சாட்டா மோடு' என்ற வரியில் ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா, ஐடிஇ என்று இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரியை மறந்தால், பேட்டரி மாற்றியபின் அது வேறொன்றாக மாறி, விண்டோஸ் 'இன்அக்சஸபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத் திரையோடு சாய்ந்துவிடும். அப்போதும் ஃபார்மட் தேவையில்லை. பழையபடி மாற்றினால் எழுந்துவிடும். பவர் கேபிளை உருவி, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி மிச்சக் கரண்டை வெளியேற்றுங்கள். பக்கத்தில் உள்ள சின்னக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் பேட்டரி துள்ளி எழும். பிளஸ் குறி மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். பிறகு தேதி, சாட்டா மோடு, பூட் வரிசை மூன்றையும் போட்டுச் சேமித்தால் வேலை முடிந்தது. மல்டிமீட்டர் இருந்தால் பழையதை வைத்துப் பாருங்கள், 2.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதுதான் குற்றவாளி.

அடுத்தது கரண்ட். கையடக்கமான இரண்டரை அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. யூஎஸ்பி துளையிலிருந்தே கரண்ட் எடுக்கிறது. யூஎஸ்பி 2.0 துளையின் அளவு 500 மில்லி ஆம்பியர், நீல நாக்கு உள்ள 3.0 துளைக்கு 900. உள்ளே தட்டு சுழல ஆரம்பிக்கும் அந்த ஓரிரு நொடியில் டிஸ்க் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்வரை கேட்கும். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் செருகும்போது எப்படியோ சமாளித்துவிடும். ஆன் செய்யும் நேரத்தில் ஃபேன், உள்டிஸ்க் எல்லாம் சேர்ந்து கரண்ட் இழுக்கும்போது, வயதான எஸ்எம்பிஎஸ் தள்ளாடுகிறது. டிஸ்க் சுழல முயன்று நின்று, மறுபடி முயன்று நிற்கிறது. பயாஸ் அதன் பதிலுக்காகக் காத்துக்கொண்டே லோகோவில் நிற்கிறது.

சிபியுவின் முன்பக்கத் துளைகளை இதற்கு நம்பாதீர்கள். அவை மெல்லிய வயர் வழியாக போர்டுக்குப் போகின்றன. வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும். பின்பக்கத் துளைகள் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளையே பயன்படுத்துங்கள். மேசைக்கு எட்டவில்லை என்று ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டால் அங்கேயும் இழப்பு. டிஸ்க் பக்கம் செருகும் அந்தத் தட்டையான, இரண்டு பகுதியாகப் பிரிந்த பின்னையும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

முன்பக்கத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. நாக்கின் மேல் தங்க நிறத்தில் நான்கு பட்டைகள் தனித்தனியாக இருக்க வேண்டும். நாக்கு உடைந்து, ஒரு பட்டை வளைந்து பக்கத்துப் பட்டையையோ சுற்றியுள்ள தகரத்தையோ தொட்டுக்கொண்டிருந்தால், சில போர்டுகள் 'யூஎஸ்பி டிவைஸ் ஓவர் கரண்ட்' என்று எழுதி 15 நொடியில் தானே அணைந்துவிடும். அந்தத் துளைக்குப் போகும் வயரை போர்டிலிருந்து உருவிவிட்டால் சிஸ்டம் பிழைத்துக்கொள்ளும்.

ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக உண்டு. அதில் பிரச்சினை தலைகீழ். தரமில்லாத டிஸ்க் பெட்டியும் கரண்ட் வைத்த யூஎஸ்பி ஹப்பும் யூஎஸ்பி கேபிள் வழியாக சிபியுவுக்குள் 5 வோல்ட்டைத் திருப்பி விடும். சிபியு அணைந்திருக்கும்போதும் விளக்கு மங்கலாக எரிந்தால் இதுதான் காரணம். போர்டு முழுசாக ரீசெட் ஆகாததால் பவர் பட்டனுக்கு அசையாமல் கிடக்கும். ஹப்பை மாற்றுங்கள். அடாப்டர் மாற்றும்போது வோல்ட் சரியாக 12 இருக்கட்டும். ஆம்பியர் பழையதில் உள்ள அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. ரௌட்டர் அடாப்டர் பின் பொருந்துகிறதே என்று செருகி டிஸ்க் போர்டை எரித்தவர்கள் உண்டு.

இதுவரை சொன்னதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது: டிஸ்க் இருந்தால்தான் சிஸ்டம் வரும், கழற்றினால் வராது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் புதிதாக 11 போட்டுக்கொள்பவர்கள் அதிகம்; அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் போடும்போது எக்ஸ்டெர்னல் டிஸ்க்கும் செருகியிருந்தால், விண்டோஸ் சி டிரைவில் இறங்கும். ஆனால் அதை எழுப்பும் பூட் கோப்புகள் அந்த வெளி டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடக்கூடும். விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' அல்லது 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்ற துண்டு எந்த டிஸ்க்கின் வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். வெளி டிஸ்க்கில் இருந்தால் அந்த டிஸ்க்கை எக்காரணம் கொண்டும் ஃபார்மட் செய்யாதீர்கள். யூஇஎஃப்ஐ சிஸ்டமானால் உள்டிஸ்க்கில் 100 முதல் 300 எம்பிவரை ஃபேட் 32 துண்டு ஒன்று ஒதுக்கி, அதில் பூட் கோப்புகளைப் புதிதாக எழுத வேண்டும். தெரிந்தவருக்கு அரைமணி நேர வேலை. விண்டோஸ் போட வருகிறவரிடம், வேலை ஆரம்பிக்கும் முன்பே, "மத்த டிஸ்க்கை எல்லாம் உருவிட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டை, யூஎஸ்பி டிஸ்க்கோ மெமரி கார்டோ செருகியிருந்த சிஸ்டங்களில் மைக்ரோசாஃப்ட்டே தடுத்து வைத்தது. டிரைவ் எழுத்துகள் இடம் மாறிவிடுகின்றன என்பதால்.

எழுத்து மாறுவதும் ஒரு தலைவலிதான். நேற்றுவரை இ டிரைவாக இருந்த டிஸ்க் இன்று எஃப் ஆகிவிட்டால், டேலி கணக்கு மென்பொருள் "கம்பெனி இல்லை" என்கிறது. கணக்கு எங்கும் போகவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, கடைசி எழுத்துகளில் ஒன்றை, ஆர் அல்லது டபிள்யூ என்று, நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். அதைவிட, டேலி கணக்கை உள்டிஸ்க்கில் வைத்து எக்ஸ்டெர்னலில் நகல் மட்டும் எடுப்பதுதான் முறை.

இனி அந்த சதவிகிதம். 'ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் டிரைவ்' என்று வந்து 11 சதவிகிதத்தில் மணிக்கணக்காக நிற்கும். முந்தின நாள் டிஸ்க்கைச் சொல்லாமல் கொள்ளாமல் உருவியிருப்பார்கள், அல்லது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கும். விண்டோஸ் அந்த டிஸ்க்கின் மேல் 'சரிபார்க்க வேண்டும்' என்று குறி வைத்துவிடுகிறது. தொடங்கும் முன் சில நொடிகள் எண்ணிக்கை ஓடும். அப்போது ஏதாவது ஒரு பட்டனைத் தட்டினால் தவிர்த்துவிட்டு உள்ளே போகலாம். தவிர்த்துவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. ஏனென்றால் டிஸ்க்கில் கெட்ட செக்டர்கள் (படிக்க முடியாமல் போன பகுதிகள்) இருந்தால் இந்தச் சரிபார்ப்பே அதை மேலும் வதைக்கும். முதலில் முக்கியமானதை நகல் எடுங்கள். பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். 'கரண்ட் பெண்டிங் செக்டர்', 'அன்கரெக்டபிள் செக்டர்' இரண்டில் எதிலாவது சுழியம் தவிர வேறு எண் இருந்தால் அந்த டிஸ்க்குக்கு இனி எதையும் நம்பிக் கொடுக்காதீர்கள்.

"டிரைவை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டும். கேன்சல் கொடுங்கள். கைதவறி ஃபார்மட் கொடுத்த பிறகு வருபவர்களிடம் சொல்வதற்கு எங்களிடம் நல்ல பதில் இருப்பதில்லை.

லோகோ தாண்டி வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' காரணமாக இருக்கலாம். விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் என்பது முழு அணைப்பு இல்லை, பாதித் தூக்கம். தூங்கும்போது இருந்த டிஸ்க் எழும்போது இல்லாவிட்டால் சில சிஸ்டங்கள் குழம்பும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுசாக அணையும். பவர் ஆப்ஷன்ஸில் அதை நிரந்தரமாக நிறுத்தியும் வைக்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்துபோன பிறகு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் நகல் எடுத்து வைக்கும் பழக்கம் கூடியிருப்பதைப் பார்க்கிறோம். நல்ல பழக்கம். ஆனால் அந்த டிஸ்க்கை, தரையில் இருக்கும் சிபியுவிலேயே வருஷம் முழுக்கச் செருகி வைத்தால் தண்ணீர் வரும்போது இரண்டும் சேர்ந்தே நனையும். வைரஸ் வந்தால் நகலையும் சேர்த்துத்தான் பூட்டும். தினமும் காலையில் பூட் தொல்லையும் அதனால்தான். நகல் எடுத்ததும் 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்து, தட்டு நிற்கப் பத்து நொடி விட்டு, கழற்றி, பரணிலோ பீரோவின் மேல்தட்டிலோ வையுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்று சிபியுவைக் கடைக்குக் கொண்டுபோவதானால், டிஸ்க்கையும் அதன் கேபிள், அடாப்டரையும் கூடவே கொண்டுபோங்கள். கழற்றும் முன் எது எந்தத் துளையில் இருந்தது என்று போனில் ஒரு படமும், திரையில் நிற்கும் அந்த ஆங்கில வரியை ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்ப்போர் சிலர்,
பாளையங்கோட்டை.